பழைய செடான் காரின் வயரிங்கைப் பார்த்து வாங்குவது எப்படி: உப்புக்காற்று ஊர்களுக்கான முழு வழிகாட்டி

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போகும் வழியில், வெலிக்கந்தைக்கும் மன்னம்பிட்டிக்கும் இடையில் இரவு பதினொரு மணிக்குக் கார் நின்றால் முதலில் நினைவுக்கு வருவது மெக்கானிக் அல்ல, யானை. மாமியைக் கொழும்புக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போன இரவு அது. நல்ல மழை. வைப்பர், ஹெட்லைட், ஏசி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. டேஷ்போர்டில் சிவப்புப் பற்றரி விளக்கு மினுங்கியது, ஹெட்லைட் மஞ்சளாகச் சோர்ந்தது, எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது.

கார் வாங்கி ஏழு மாதம்தான். அதற்குள் ஒரு கராச்சில் பற்றரியை மாற்றியிருந்தேன், இன்னொரு கராச்சில் பற்றரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவை மாற்றியிருந்தேன். கடைசியில் காத்தான்குடியில் ஒரு வயரிங் பாஸ் மீற்றரை எடுத்து இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பற்றரியும் நல்லம், டைனமோவும் நல்லம் மனே. எர்த்துத்தான் இல்ல." எர்த் என்றால் மின் பற்றரிக்குத் திரும்பி வரும் வழி. எஞ்சினிலிருந்து பொடிக்கு, அதாவது காரின் உடல் தகட்டுக்குப் போகும் பின்னல் வயர் வெளியே பார்க்க முழுதாகத்தான் இருந்தது. கையால் வளைத்ததும் பச்சைத் தூளாக உதிர்ந்தது.

அன்றிலிருந்து நண்பர்கள், உறவினர்கள் என்று பலருக்குக் கார் பார்க்கப் போயிருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, ஒரு மீற்றரும் கொஞ்சம் பிடிவாதமும்தான் கையில். ஆனால் பார்த்த அளவில் ஒன்று சொல்லலாம். நம் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் ஓடும் பழைய கார்களில் மின்கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பாகம் பழுதாவதால் வருவதில்லை. எர்த், வயர் மூட்டு, அப்புறம் முந்தைய சொந்தக்காரர்கள் ஒட்டி வைத்த வயர்கள், இந்த மூன்றும்தான். அதனால் கீழே சொல்லும் ஒழுங்கை மாற்றாமல் பாருங்கள். பாகம் மாற்றுவது கடைசி வேலை.

இங்கே ஏன் இவ்வளவு சிக்கல்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் ஐந்து வருடம் நாடு முழுக்கப் பழைய கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. கல்முனையிலோ மட்டக்களப்பிலோ இன்று விலைக்கு நிற்கும் ஒரு செடான் 15, 20 வருடம் ஓடியதாக, நாலைந்து கை மாறியதாக இருப்பது சாதாரணம். ஒவ்வொரு கையும் ஒரு பாட்டுப் பிளேயர், ஒரு அலாரம், ஒரு ரிவர்ஸ் கமரா என்று ஏதோ ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கும்.

அதோடு காற்று. 1924 இல் திறந்த மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலத்தின் இரும்பையே தின்ற காற்று இது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. செம்பு வயரின் முனையில் ஈரமும் உப்பும் ஏறினால் பச்சை பூக்கும். அது முனையோடு நிற்காது. பிளாஸ்டிக் உறைக்குள்ளே வயர் நெடுக ஏறிப் போகும். உறையை உரித்தால் செம்பு நிறம் போய்க் கறுப்பாக இருக்கும், ஈயம் பிடிக்காது. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறை வயல் பக்கத்திலும் உப்பு குறைவு, ஆனால் அங்கே எலி.

மூன்றாவது வெள்ளம். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் நம் மாவட்டங்களில் தண்ணீர் நின்றது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இங்கே விற்கப்படும் கார் இங்கே நனைந்திருக்க வேண்டும் என்றில்லை. 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது கொழும்புப் பக்கம் மூழ்கிய கார்களும் துடைத்துக் காயவைக்கப்பட்டு எங்கோ ஓடத்தான் செய்கின்றன.

கையில் எடுத்துப் போக வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீற்றர் ஒன்று, சின்ன டோர்ச், 10 மில்லிமீற்றர் ஸ்பானர், மண்தாள் ஒரு துண்டு, திறப்பைப் போட்டுத் தர ஒரு ஆள். வசதி இருந்தால், காரின் கம்பியூட்டரில் பதிந்த பிழைகளை வாசிக்கும் ஸ்கேனர். மீற்றர் விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. கார் ஹைபிரிட் என்றால் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள், அது உயிரெடுக்கும் வோல்ட். ஏர்பேக் வயர்களின் மஞ்சள் சொக்கெட்டுகளிலும் மீற்றரை வைக்கக் கூடாது.

படி 1: எஞ்சின் குளிராக இருக்கும்போது போங்கள்

விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "அண்ணன், நான் வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்." போய்ப் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் கார் எப்படி எழும்புகிறது என்று நீங்கள் பார்ப்பதை அவர் விரும்பவில்லை என்று அர்த்தம். நான் அப்படியான இடத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டு மறுநாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன்.

குளிரும்போதே வெள்ளத் தடம் பாருங்கள். சீற் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். அதைக் கழுவ யாருக்கும் நினைவு வராது. முன் சீற்றுகளுக்கு அடியில் உள்ள வயர் சொக்கெட்டுகளைத் தடவுங்கள். டிக்கியில் ஸ்பெயார் டயரைத் தூக்கிப் பாருங்கள். கார்ப்பெட்டை ஒரு மூலையில் கிளப்பி அடியில் உள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள், மணத்துப் பாருங்கள். உள்ளே சென்ற் வாசம் தூக்கலாக அடித்தால் இன்னும் கவனம்.

பல கார்களில் டேஷ்போர்டுக்கு அடியிலோ கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலோதான் கம்பியூட்டர் பெட்டிகளும் பெரிய மூட்டுகளும் இருக்கும். சீற் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய காரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நான் எடுக்க மாட்டேன். அதுவும் வாவித் தண்ணீரோ கடல் தண்ணீரோ என்றால் பேச்சே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும்.

படி 2: திறப்பைப் போட்டு நிறுத்துங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள்

திறப்பை ஓன் நிலைக்குத் திருப்பினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும். எரிவதுதான் நல்லது. பற்றரி விளக்கு, ஒயில் விளக்கு, செக் எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக் என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் சில விநாடியில் தாமாக அணைந்துவிடும். ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், கறுப்பு டேப் ஒட்டியிருக்கலாம், வேறொரு விளக்கின் வயரோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம். பிறகு ஸ்டார்ட் செய்யும்போது ஒயில் விளக்கும் ஏர்பேக் விளக்கும் ஒரே நொடியில் ஒன்றாக அணைகிறதா என்று பாருங்கள். அப்படி என்றால் வேலை காட்டியிருக்கிறார்கள்.

படி 3: பற்றரி, ஸ்டார்ட், சார்ஜ்

இரவு முழுக்க நின்ற காரில், எதையும் போடாமல் பற்றரியின் இரண்டு முனையில் மீற்றரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12 க்குக் கீழே என்றால் ஒன்றில் பற்றரி கிழடு, இல்லாவிட்டால் எதுவோ இரவில் குடிக்கிறது.

மீற்றரை அங்கேயே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். எண் சடாரென்று விழும். 10 க்கு மேலே நின்றால் நல்லது. 9.6 க்குக் கீழே போனால் பற்றரி தளர்ந்துவிட்டது, அல்லது ஸ்டார்ட்டர் மோட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. எண் கீழே விழாமல் 12 இலேயே நிற்கிறது, ஆனால் ஸ்டார்ட்டர் "டிக்" என்று மட்டும் சொல்கிறது என்றால் பற்றரிக்குக் குற்றமில்லை. மின் போகும் வழியில் எங்கோ அடைப்பு.

எஞ்சின் ஓடும்போது 13.8 இலிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். பிறகு ஹெட்லைட், ஏசி புளோவர், பின்கண்ணாடிச் சூடாக்கி எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 13.5 அளவுக்கு நின்றால் சரி. 15 ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது, பற்றரி கொதித்துப்போகும். சில புதிய ஜப்பான் கார்கள் எரிபொருள் மிச்சம் பிடிக்கச் சார்ஜைத் தாமாகவே 12.5 அளவுக்கு இறக்கும். அங்கே குறைந்த எண்ணைப் பார்த்து அவசரப்படாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டதும் எண் ஏறினால் அது அதன் இயல்புதான்.

மீற்றரை ஏசி வோல்ட்டுக்கு (மாறுமின், குளிரூட்டி அல்ல) மாற்றி, ஓடும் எஞ்சினில் பற்றரி முனைகளில் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டைனமோவின் டயோட் போயிருக்கலாம். அப்படியான டைனமோ நின்ற காரிலும் பற்றரியைக் குடிக்கும்.

ஒரு விசயம். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையைக் கழற்றி, "பாருங்க, நிக்கல்ல, டைனமோ நல்லம்" என்று காட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய லொறிக் காலத்துப் பழக்கம் அது. கம்பியூட்டர் உள்ள காரில் அந்த நேரம் வோல்ட் எகிறி டயோடையும் கம்பியூட்டரையும் சேர்த்துக் கொன்றுவிடும். உங்கள் முன்னால் யாரும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

படி 4: எர்த்தை அளப்பது

அவசரமாக இருந்தால் மற்றப் படிகளைத் தாண்டலாம், இதை மட்டும் தாண்டாதீர்கள்.

காரில் மின்சாரம் பற்றரியின் நேர் முனையிலிருந்து வயர் வழியாகப் போகிறது, திரும்பி வருவது பொடித் தகட்டின் வழியாக. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு, நூற்றைம்பது அம்பியர் எஞ்சின் இரும்பிலிருந்து ஓரிரு எர்த் வயர்களில்தான் திரும்ப வேண்டும். அந்த வயர் அழுகினால் மின் வேறு வழி தேடும். கியர் கேபிள், அக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் போகும். என் காரில் ஸ்டார்ட் செய்து முடித்ததும் அக்சிலரேட்டர் கேபிள் கைக்குச் சூடாக இருந்தது. அதைப் பல தடவை தொட்டிருக்கிறேன், எஞ்சின் சூடுதானே என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மீற்றரின் ஓம் (மின்தடை) அளவிலோ பீப் சத்தத்திலோ எர்த்தைச் சோதித்துப் பயனில்லை. நூறு இழையில் ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் பீப் அடிக்கும். மின் ஓடும்போது அளக்க வேண்டும்.

மீற்றரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்புக் கம்பியைப் பற்றரியின் எதிர் முனையில் வையுங்கள். மேலே பூட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல, நடுவில் உள்ள ஈயக் குமிழில். சிவப்புக் கம்பியை எஞ்சினின் சுத்தமான இரும்பில், பெயின்ற் இல்லாத ஒரு போல்ட்டில் குத்துங்கள். இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எஞ்சின் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் கள்ளன் அகப்பட்டுவிட்டான்.

அடுத்து சிவப்புக் கம்பியைப் பொடித் தகட்டில் வைத்து, எஞ்சின் ஓட, எல்லா லைட்டையும் புளோவரையும் போட்டு அளந்து பாருங்கள். 0.1 க்கு மேல் போகக் கூடாது. கடைசியாக நேர்ப்பக்கம்: டைனமோவின் தடித்த வயர் பூட்டிய போல்ட்டில் ஒரு கம்பி, பற்றரி நேர் முனையில் மற்றது, எல்லாம் ஓடும்போது 0.3 க்குள். அந்தப் போல்ட்டில் எப்போதும் மின் இருக்கும், சாவிக்கொத்தோ மோதிரமோ பட்டுவிடாமல் பாருங்கள்.

மீற்றர் இல்லாமலும் எர்த்தின் குணம் தெரியும். சிக்னல் போட்டால் பின் லைட்டும் கூடவே மங்கி மினுங்குகிறதா? பிரேக் மிதித்தால் டேஷ்போர்ட் முள் ஆடுகிறதா? ஒரு ஹெட்லைட் மட்டும் மற்றதைவிட மஞ்சளா? மின் தன் வழி கிடைக்காமல் பக்கத்து பல்பின் வழியாகத் திரும்புகிறது என்று அர்த்தம்.

திருத்துவது பெரிய வேலை இல்லை. எதிர் முனையைக் கழற்றி, எர்த் போல்ட்டைக் கழற்றி, தகட்டையும் வளையத்தையும் மண்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பிறகு மேலே கிரீஸ் அல்லது வஸலின் பூசுங்கள். முதலில் பூசிவிட்டுப் பூட்டக் கூடாது. வயர் உள்ளே கறுத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, புதிதாகத் தடித்த வயர் போடச் சொல்லுங்கள்.

படி 5: அடுத்தவர் ஒட்டிய வயர்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து டோர்ச் அடியுங்கள். கார்க் கம்பனி போட்ட வயர்கள் கட்டாக, டேப் சுற்றி, கிளிப்பில் ஒழுங்காகப் போகும். இடையில் தொங்கும் சிவப்பு, கறுப்பு வயர்கள், வீட்டு வயரிங் டேப் சுற்றிய முடிச்சுகள், உறையைக் கீறிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் எல்லாம் பிறகு வந்தவை. ஒவ்வொன்றையும் கேளுங்கள்: "இது எதுக்கு?" மூன்றாவது கேள்விக்கு விற்பவரே தெரியாது என்பார். அலாரம் பெட்டிதான் இதில் மோசம். பல அலாரங்கள் ஸ்டார்ட்டரையோ எரிபொருள் பம்பையோ இடைவெட்டித்தான் பூட்டப்படுகின்றன. அதில் உள்ள மலிவு ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) ஒரு நாள் சோரும்போது கார் எந்தக் காரணமும் இல்லாமல் நிற்கும், ஸ்கேனரும் ஒன்றும் சொல்லாது.

பியூஸ் பெட்டியைத் திறந்து நிறங்களை மூடியில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. 10 இருக்க வேண்டிய இடத்தில் 30 இருந்தால், பியூஸ் திரும்பத் திரும்ப எரிந்திருக்கிறது, காரணம் தேடாமல் பெரிதைப் போட்டிருக்கிறார்கள். அங்கே இனி எரியப்போவது வயர். வெள்ளித்தாள் சுற்றிய பியூஸையும் ஒரு காரில் பார்த்திருக்கிறேன்.

ஹெட்லைட் பல்பையும் கழற்றிப் பாருங்கள். சாதாரணமாக வருவது 55 வோட், அது நாலரை அம்பியர் அளவில் இழுக்கும். வெளிச்சம் போதாதென்று 100 வோட் போட்டால் எட்டைத் தாண்டும். சொக்கெட் பழுத்து உருகியிருக்கும்.

எலி கடித்த வயரை முனை பார்த்தே கண்டுபிடிக்கலாம், சீவிய பென்சில்போல இருக்கும். பொனட்டுக்குள் நெல் உமியோ வைக்கோலோ கிடந்தால் முழு வயரிங்கையும் மேலிருந்து கீழே பார்க்க வேண்டும்.

படி 6: இரவில் குடிக்கும் மின்

இதை வாங்கிய பிறகுதான் பெரும்பாலும் செய்ய முடியும். கதவுகளை மூடி, எதிர் முனையைக் கழற்றி, கழன்ற வயருக்கும் முனைக்கும் இடையில் மீற்றரை 10 அம்பியர் நிலையில் இணையுங்கள். அரை மணி நேரம் விடுங்கள். கம்பியூட்டர்கள் உறங்க நேரம் எடுக்கும், அதற்கு முன் வரும் எண் பெரிதாகத்தான் இருக்கும். இடையில் திறப்பைத் திருப்பினால் மீற்றர் பியூஸ் போய்விடும்.

50 மில்லி அம்பியருக்குள் நின்றால் சரி. அரை அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 அம்பியர் மணி. 40 அம்பியர் மணி பற்றரியில் இரண்டு நாளில் பாதிக்கு மேல் போய்விடும். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் ஓட்டை. டிக்கி லைட்டும் பிளேயரும்தான் வழமையான குற்றவாளிகள்.

படி 7: ஸ்கேனர்

ஸ்கேனரைப் பூட்டும் 16 ஊசித்துளைச் சொக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த பழைய கார்கள் சில மலிவு ஸ்கேனரோடு பேசாது, அதை மட்டும் வைத்துக் காரைப் பழிக்க வேண்டாம். பேசினால் பிழைக் குறியீடுகள் வரும். பி 0562 என்ற குறியீடு வோல்ட் குறைவைச் சொல்கிறது. யூ (U) எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் கம்பியூட்டர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்கின்றன. இப்படி ஏழெட்டுக் குறியீடு ஒன்றாக வந்தால் பயந்துவிடாதீர்கள், தளர்ந்த பற்றரியும் கெட்ட எர்த்தும் அதைச் செய்யும். படி 4 ஐ முடித்துவிட்டு அழித்துப் பாருங்கள்.

குறியீடே இல்லாத காரும் சந்தேகத்துக்குரியதுதான். கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினெஸ் பக்கத்தில் எல்லாம் "முடியவில்லை" என்று காட்டினால் யாரோ நேற்று அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

படி 8: ஓடிப் பார்ப்பது

கண்ணாடி நான்கையும் ஏற்றி இறக்குங்கள், ஹோர்ன், வைப்பர், பின் லைட் எல்லாம் பாருங்கள். அவை சின்ன விசயம். பெரிய விசயம் ரேடியேட்டர் ஃபேன். ஏசியைப் போட்டு நின்ற இடத்தில் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள், ஃபேன் தானாக வந்து போக வேண்டும். ஃபேன் சுவிட்சை நேராக இழுத்து டேஷ்போர்டில் வைத்திருந்தால் அந்தக் காரில் ரிலேயோ சென்சரோ போய், எஞ்சினும் ஒரு தடவையாவது கொதித்திருக்கலாம்.

பிறகு குண்டும் குழியுமான உள்வீதி ஒன்றில் ஓட்டுங்கள். விளக்கு மினுங்கினால், பிளேயர் அணைந்து வந்தால், எங்கோ மூட்டு இளகியிருக்கிறது. மார்கழி மழையில் ஓட்டிப் பார்க்கக் கிடைத்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை.

எதை எடுக்கலாம், எதை விடலாம்

எர்த், பற்றரி முனை, பியூஸ் ஒழுங்கு, டைனமோவின் பிரஷ், ரெகுலேட்டர், கண்ணாடி மோட்டர், இவையெல்லாம் விலையைக் குறைத்துப் பேச நல்ல காரணங்கள். நம்மூர்க் கராச்சுகளிலேயே முடியும். ஏர்பேக் விளக்கை மறைத்த கார், உருகிய வயர்க்கட்டு, தண்ணீர் கண்ட கம்பியூட்டர், சீற் மட்டச் சேற்றுக் கோடு என்றால் புரோக்கர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் வந்துவிடுங்கள்.

எடுத்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பற்றரி முனைகளைக் கழற்றித் துடையுங்கள். கழற்றும்போது எதிர் முனை முதலில், பூட்டும்போது அது கடைசியில். பாசிக்குடாவில் கடல் ஓரம் நிறுத்தினால் வீட்டுக்கு வந்து அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், பொனட்டுக்குள் தண்ணீர் அடிக்காமல். கிழமைக்கு ஒரு நாளாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள், நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிட்டால் பற்றரி நிறையாது. மாமியின் கிளினிக்குக்காக இப்போதும் அதே பாதையில்தான் போகிறேன். அதற்கு முதல் நாள் மாலை மீற்றரோடு பொனட்டுக்குள் நிற்பதைப் பார்த்தால் மாமி வாசலில் இருந்தே கேட்பார்: "பூச்சியம் தசம் ஒண்டா, ரெண்டா மகன்?"